திறந்திருக்கும் சில விநாடிகள்: வன்னிப் புழுதியில் லென்ஸ் மாற்றுதல்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கமரா, இரண்டு பாகங்கள் சேர்ந்து அமைக்கும் ஒரு சிறிய இருட்டறையாகும். முன்புறம் ஒளியைக் குவிக்கும் லென்ஸும், பின்புறம் அந்த ஒளியைப் பதிவு செய்யும் உடற்பகுதியும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும் வரையில் அவ்வறைக்குள் வெளிக்காற்று பெருமளவில் புகுவதில்லை. ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுகின்ற ஐந்து பத்து விநாடிகளில் மட்டும் கமராவின் மிக நுட்பமான பாகம் வெளியுலகுக்குத் திறந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில் உள்ளே போகும் ஒரு துகள், அடுத்து எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான படங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளியாகத் தோன்றக்கூடும். கிரவல் வீதிகளும் வயல்வெளிகளும் களப்புகளும் கடற்கரையும் அடுத்தடுத்து அமைந்த வன்னிப் பகுதியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், திருமணங்களையும் கோயில் விழாக்களையும் பறவைகளையும் படம் பிடிப்போருக்கு இது நாளாந்தச் சிக்கல். லென்ஸ் மாற்றுவதை ஒரு கைப்பழக்கமாக விட்டுவிடாமல் ஓர் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது இவர்களுக்கு மிகவும் அவசியமாகிறது.

ஒரே கண்ணாடி, ஆயிரம் படங்கள்

லென்ஸ் மாற்றும் வசதி டிஜிற்றல் காலத்தில் பிறந்ததன்று. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1930ஆம் ஆண்டில் தன் லைக்கா கமராவில் திருகிப் பூட்டும் லென்ஸ்களை அறிமுகப்படுத்தியது. 1959இல் வெளிவந்த நிக்கோன் எஃப் கமராவும், 1987இல் கனொன் நிறுவனம் கொண்டுவந்த இ.எஃப் வகைப் பூட்டும் சிறிதளவு திருப்பினாலே ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் முறையைப் பரவலாக்கின. ஆயினும் அக்காலத்தில் தூசு இவ்வளவு பெரிய பகையாக இருக்கவில்லை. பிலிம் சுருளில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் துண்டு முன்னே வந்து நிற்பதால், ஒரு படத்தில் படிந்த துகள் பெரும்பாலும் அந்தப் படத்துடனேயே சுருண்டு போய்விடும்.

டிஜிற்றல் கமராவில் பிலிமின் இடத்தை உணரி எடுத்துக்கொண்டது. சென்சர் என்று ஸ்ரூடியோக்களில் அழைக்கப்படும் இவ்வுணரி, ஒளியை மின்சைகையாக மாற்றும் மிகச் சிறிய ஒளிக்கலங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு தகடு. அந்தத் தகடு இடம் மாறுவதில்லை. ஒரு நாளில் 1,000 படங்கள் எடுக்கப்பட்டால் ஆயிரமும் அதே தகட்டில்தான் விழுகின்றன. கொடாக் நிறுவனம் 1991இல் விற்பனைக்கு விட்ட முதல் டி.சி.எஸ். கமராவிலிருந்து, 2003இல் ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் வந்த கனொன் 300டி வரை, இந்த வகைக் கமராக்கள் பரவப் பரவத் தூசுப் பிரச்சினையும் கூடவே பரவியது. ஒலிம்பஸ் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஈ-1 கமராவில், உணரிக்கு முன்னுள்ள கண்ணாடியை மீயொலி அதிர்வால் உதறித் தூசை வீழ்த்தும் ஏற்பாட்டைச் சேர்த்தது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் இதே வழியில் சென்றன.

தூசு உண்மையில் உணரியின் மேல் நேரடியாகப் படிவதில்லை. உணரியைக் காக்க அதன் முன்னே வைக்கப்பட்டுள்ள மெல்லிய கண்ணாடியின் மேற்பரப்பில்தான் படிகிறது, அதன் நிழலே படத்தில் விழுகிறது. மந்தாரமான வானத்தின் கீழ் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் மரத்தின் நிழல் கலங்கிப் போவதும், உச்சி வெயிலில் ஒரே திசையிலிருந்து வருவதால் நிழல் கூர்மையாக விழுவதும் எல்லோரும் கண்டவையே. கமராவுக்குள்ளும் இதுவே நடக்கிறது. லென்ஸின் ஒளித்துவாரம் அகலத் திறந்திருக்கும்போது, அதாவது எஃப் 2.8 போன்ற சிறிய எண்ணில் இருக்கும்போது, துகளின் நிழல் கலைந்து மறைந்துவிடும். வயல்வெளியையும் வானத்தையும் முழுத் தெளிவுடன் எடுக்க எஃப் 16, எஃப் 22 என்று துவாரத்தைச் சுருக்கும்போது அதே துகள் வட்டமான கரும்புள்ளியாக வெளிப்படுகிறது. மண்டபத்துக்குள் எடுத்த படங்கள் சுத்தமாக இருக்க, குளக்கட்டில் நின்று எடுத்த படங்களில் மட்டும் வானமெங்கும் புள்ளிகள் தெரிவதன் காரணம் இதுதான்.

துகளின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் பிரச்சினையின் பருமன் விளங்கும். 36 மில்லிமீற்றர் அகலமுள்ள முழுச்சட்ட உணரியில் ஒரு வரிசைக்கு 6,000 ஒளிக்கலங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் 0.006 மில்லிமீற்றர் இடத்தையே பிடிக்கும். தலைமயிரின் தடிப்பளவான, ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர் அகலமுள்ள மணற்பொடி ஒன்று அங்கே அமர்ந்தால் அது குறுக்கே பத்துக் கலங்களை மறைத்துவிடும். அந்தப் படம் திருமண அல்பத்தின் இரு பக்கங்களையும் நிறைக்கும்படி 36 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்டால் உருவம் 25 மடங்கு பெருகுகிறது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடியும் ஒன்றரை மில்லிமீற்றர் அகலமான கறையாகிவிடுகிறது.

சோளகமும் வாடையும்

வன்னியில் தூசுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, மழையற்ற அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும் செம்மண்ணையும் கிரவலையும் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. பெரும்போக நெல் விளைந்து அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும் காலத்தில் வைக்கோல் தூசும் உமிச் சுணையும் காற்றில் மிதக்கின்றன. இவை மணலைப் போலக் கனமற்றவையாதலால் நெடுநேரம் கீழே விழாமல் திரிகின்றன. வடகிழக்கு வாடைக் காற்றோடு வரும் மாரி காலத்தில் தூசு அடங்கிவிடுகிறது, ஆனால் ஈரப்பதன் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் அலைத் திவலைகளோடு உப்பும் காற்றில் கலந்திருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் இயல்புடையதால், லென்ஸையும் உடற்பகுதியையும் மின்னால் இணைக்கும் உலோக முனைகளில் அது படிந்தால் நாளடைவில் அரிப்பை உண்டாக்கும்.

இந்த நாட்காட்டியை விவசாயிகளும் கடற்றொழிலாளரும் நன்கு அறிவார்கள். ஒளிப்படக்காரர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காற்றின் திசையை எப்போதும் மனத்தில் வைத்திருக்கும் பழக்கமாகும். சோளகம் வீசும் நாளில் தென்மேற்குக்கு முதுகு காட்டி நிற்பவரின் உடம்பே கமராவுக்கு மதிலாகிறது. வாடை வீசும் நாளில் முதுகு வடகிழக்கை நோக்கியிருக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

பாதுகாப்பான லென்ஸ் மாற்றத்தில் பெரும்பகுதி, லென்ஸ் கழலுமுன்பே முடிந்துவிட வேண்டிய வேலையாகும். முதலாவது, மாற்றம் தேவைதானா என்று முடிவு செய்வது. புழுதி கிளம்பும் இடத்துக்குப் போகும்போது, 24 முதல் 70 மில்லிமீற்றர் வரை மாறக்கூடிய சூம் லென்ஸ் போன்ற பலபயன் லென்ஸ் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, வேலை முடியும் வரை அதையே பயன்படுத்துவது மிக எளிய காப்பு. இரண்டு உடற்பகுதிகள் வைத்திருப்போர் ஒன்றில் அகலக் காட்சிக்கான லென்ஸையும் மற்றொன்றில் தொலைவுக்கான லென்ஸையும் வீட்டிலேயே பூட்டிக்கொண்டு புறப்படலாம். எனினும் நீண்டு சுருங்கும் சூம் லென்ஸ்கள் காற்றை உள்ளிழுத்து வெளிவிடும் தன்மையுடையவையாதலால், கழற்றாமலே இருந்தாலும் சிறிதளவு தூசு சேரவே செய்யும்.

இரண்டாவது, பையின் தூய்மை. கமராப் பையின் அடியில் சேர்ந்திருக்கும் மணல், துவாய்த் துணியின் நூற்பிசிறு, பிஸ்கட் பொடி எல்லாம் லென்ஸ் மூடிகளில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. பையை வாரத்துக்கொரு முறை கவிழ்த்துத் தட்டித் தூரிகையால் துடைப்பதும், பிளாஸ்ரிக் மூடிகளைச் சவர்க்கார நீரில் கழுவி நன்றாக உலர்த்துவதும் செலவில்லாத வேலைகள். லென்ஸின் பின்மூடியில் இருக்கும் தூசு முதலில் லென்ஸின் பின்கண்ணாடிக்கும், அங்கிருந்து உடற்பகுதிக்குள்ளும் இறங்குகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, இடமும் கைகளும். வாகனம் அருகில் இருந்தால் கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடி, விசிறியை நிறுத்தி, தூசு அடங்க ஒரு நிமிடம் பொறுத்து உள்ளே மாற்றுவது சிறந்தது. வாகனம் இல்லாதபோது சுவரின் மறைவோ, பெரிய மரத்தின் மறுபக்கமோ போதும். வியர்த்த கையையும் மண்பட்ட விரலையும் துடைத்துக்கொண்ட பிறகே கமராவைத் தொட வேண்டும்.

கை செய்யும் வேலை

முதலில் கமராவின் மின்னாளியை நிறுத்த வேண்டும். லென்ஸுக்குள் குவியத்தைச் சரிசெய்யும் மோட்டாரும், சில கமராக்களில் ஆட்டத்தைத் தணிக்கும் பொறிமுறையும் மின்னில் இயங்கிக்கொண்டிருக்கையில் இணைப்பைப் பிரிப்பது நல்லதன்று. கமராவின் பட்டி கழுத்திலேயே இருக்கட்டும். இரு கைகளும் லென்ஸ்களோடு போராடும்போது கமரா நழுவினாலும் நிலத்தில் விழாது.

பூட்ட வேண்டிய லென்ஸின் பின்மூடியை முழுவதும் கழற்றாமல், ஒரு திருப்பில் விலகும்படி தளர்த்தி, எட்டும் இடத்தில் நிமிர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் கமராவின் வாய் நிலத்தைப் பார்க்கும்படி சாய்த்து, பூட்டை விடுவிக்கும் பொத்தானை இடது கைப் பெருவிரலால் அழுத்தியபடி, வலது கையால் லென்ஸைத் திருப்பிக் கழற்ற வேண்டும். திருப்பும் திசை எல்லாக் கமராவுக்கும் ஒன்றல்ல. கமராவை முன்னாலிருந்து பார்க்கையில் கனொன், சோனி வகைகள் கடிகாரமுள் செல்லும் திசையில் பூட்டுகின்றன, நிக்கோன் அதற்கு எதிர்த்திசையில் பூட்டுகிறது. இரவல் கமராவில் வேலை செய்வோர் இதை மறந்து பலவந்தமாகத் திருப்பினால் பூட்டின் பற்கள் தேயும். உடற்பகுதியிலும் லென்ஸிலும் உள்ள சிவப்பு அல்லது வெள்ளைப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து, அழுத்தாமல் திருப்பி, ‘கிளிக்’ என்ற ஓசை கேட்ட பிறகே கையை விட வேண்டும். அந்த ஓசை கேளாத லென்ஸ் பூட்டப்படாத லென்ஸ். கழற்றிய லென்ஸுக்கு உடனே பின்மூடி போட்டுப் பைக்குள் வைத்து, பையின் சிப்பையும் இழுத்துவிட்டால் வேலை முடிகிறது.

கமரா வாய் கீழ்நோக்கியிருக்க வேண்டும் என்ற விதி, மடியும் கண்ணாடி இல்லாத, ‘மிரர்லெஸ்’ எனப்படும் புதிய வகைக் கமராக்களில் இன்னும் முக்கியமானது. பழைய வகையில் லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து உணரி வரையான தூரம் நிக்கோன் எஃப் பூட்டில் 46.5 மில்லிமீற்றராகவும், கனொன் இ.எஃப் பூட்டில் 44 மில்லிமீற்றராகவும் இருந்ததுடன், இடையில் அந்த மடியும் கண்ணாடியும் திரையும் காவல் நின்றன. புதிய வகையில் அத்தூரம் கனொன் ஆர்.எஃப் பூட்டில் 20, சோனி ஈ பூட்டில் 18, நிக்கோன் இஸட் பூட்டில் 16 மில்லிமீற்றராகக் குறுகிவிட்டது. பல கமராக்களில் உணரி மறைப்பின்றி வெளியே தெரிகிறது. சில கமராக்கள் நிறுத்தப்பட்டதும் ஒளித்திரையை மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளன. அந்த வசதி அமைப்புப் பட்டியலில் இருந்தால் அதை இயக்கி வைப்பது பயன் தரும், ஆனால் மூடிய திரையின் மெல்லிய தகடுகளில் விரலோ துணியோ படவே கூடாது.

தொலைவிலுள்ள பறவைகளை எடுக்கும் பாரமான லென்ஸ்களில் ஒழுங்கு தலைகீழாகிறது. முக்காலியில் லென்ஸே பூட்டப்பட்டிருப்பதால், லென்ஸை அசைக்காமல் கமராவைத்தான் தாங்கிக் கழற்ற வேண்டும்.

விழாவும் களப்பும் மண்டபமும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல், இந்த ஒழுங்கு முழுமையாகச் சோதிக்கப்படும் களம். நந்திக்கடல் களப்பின் ஓரத்தில் அமைந்த அக்கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் நிகழ்வைக் காணவும் பொங்கலிடவும் வன்னியெங்குமிருந்து மக்கள் திரளும்போது, ஆயிரக்கணக்கான கால்கள் கிளப்பும் மணலும் அடுப்புகளின் சாம்பலும் களப்புக் காற்றின் உப்பும் ஒன்றாகக் கலக்கின்றன. அந்தக் கூட்டத்தின் நடுவே லென்ஸைக் கழற்றுவதைவிட, வீதியோரத்தில் நிறுத்திய வாகனத்துக்கு ஒரு முறை நடந்துபோய் வருவது எவ்வளவோ மேல்.

1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்தில், புலம்பெயர் பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் சவால் வேறு வகையானது. பூநாரைகள் எழும்பிப் பறக்கும் கணத்துக்காகக் காத்திருப்பவர், வெட்டவெளியில் பெருங்காற்றின் நடுவே லென்ஸ் மாற்றத் தூண்டப்படுவார். களப்புக்குள் இறங்குவதற்கு முன்பே தொலைவு லென்ஸைப் பூட்டி வைத்திருப்பதும், பரந்த காட்சிக்குக் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவதும் அந்தத் தூண்டலுக்கு நல்ல மாற்று.

குளிரூட்டப்பட்ட திருமண மண்டபம் எதிர்பாராத ஆபத்தொன்றைத் தருகிறது. உள்ளே குளிர்ந்துபோன கமராவை வெளியே ஈரவெக்கைக்குக் கொண்டுவந்ததும், குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல லென்ஸின் கண்ணாடி வியர்த்துவிடும். அந்நிலையில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று உணரியின் கண்ணாடியையும் வியர்க்கச் செய்யும், அதன்மேல் விழும் தூசு பசைபோல ஒட்டிக்கொள்ளும். வெளியே வருமுன் கமராவை இறுக மூடிய பொலித்தீன் பைக்குள் இட்டு, வெளிவெப்பத்துக்கு வரும்வரை ஏறக்குறைய அரை மணி நேரம் பொறுத்திருந்தால் வியர்வை பையின் மேலேயே படிந்துவிடும்.

படிந்துவிட்ட தூசும் பெட்டிக்குள் பூஞ்சணமும்

எவ்வளவு கவனித்தாலும் சிறிது தூசு சேரும், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மாதத்துக்கொரு முறை ஒளித்துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, குவியத்தைக் கலைத்துவிட்டு, மேகமற்ற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தூசு இருக்குமிடம் தெரியும். உணரியில் உருவம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளிக்குரிய துகள், கமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும்.

முதலில் கமராவின் சொந்த அதிர்வுச் சுத்திகரிப்பை இயக்க வேண்டும். அது போதாதபோது, முழுதாக மின்னேற்றிய பற்றரியுடன், கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்யும் நிலைக்கு மாற்றி, வாய் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர்க் குமிழான புளோவரின் நுனி உள்ளே புகாதபடி காற்றை ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். ரயர்க் கடையின் காற்றடிக்கும் இயந்திரத்திலிருந்து எண்ணெயும் நீரும் வரும். சேலைத் தலைப்பும் பஞ்சுக் குச்சியும் கீறலை விட்டுப் போகும். ஊதியும் போகாத கறைக்கு உணரியின் அளவுக்கே செய்யப்பட்ட சுத்தத் துடைப்பானும் அதற்குரிய திரவமும் உண்டு. அவற்றைக் கையாளப் பழகாதவர் பழகியவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. கணினியில் புள்ளியை அழித்துவிடலாம் என்ற நம்பிக்கை, வெறும் வானத்தில் பலிப்பதுபோல் முகத்திலும் சரிகையிலும் எளிதில் பலிப்பதில்லை. நகரும் காட்சியில் அந்த வேலை பன்மடங்காகிறது.

மாரி காலத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் நீடித்தால் கண்ணாடியில் வலைபோல் படரும் இப்பூஞ்சணம் மேற்பூச்சை அரித்துவிடும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு லென்ஸ்களை வைப்பதும், நீலநிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்துவதும் போதுமான காப்பு. அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது, ஏனெனில் அரிசியின் மாப்பொடியே புதிய தூசாகிவிடும்.

பெரிதாக்கப்படும் முகம்

இத்தனை கவனமும் ஒரு கரும்புள்ளிக்காகவா என்ற கேள்வி எழலாம். வன்னியில் அதற்கான விடை தெளிவானது. 2008, 2009 ஆண்டுகளின் போர்க்கால இடப்பெயர்வுகளில் கையில் அகப்பட்டதோடு புறப்பட்ட எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் கூரைகளோடு சேர்ந்து அழிந்தன. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நிற்பவை, பிள்ளைகளின் ஒளிப்படங்களே. ஒரு கூட்டப் படத்தின் பின்வரிசையில் நின்ற முகமே ஒரு வீட்டில் எஞ்சிய ஒரே முகமாகி, ஒருநாள் வெட்டியெடுத்துப் பெரிதாக்கப்படலாம் என்பதை இம்மண் நன்கறியும். முகம் பெரிதாகும்போது அதன்மேல் விழுந்த தூசின் நிழலும் பெரிதாகும்.

இன்று திருமணப் பந்தலிலும் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் கமராவோடு நிற்கும் ஒவ்வொருவரும், எவருடைய கடைசிப் படத்தைத் தாம் எடுக்கிறோம் என்று அறியாமலே எடுக்கிறார்கள். ஆகவே காற்றுக்கு முதுகு காட்டி, மின்னாளியை நிறுத்தி, வாயைக் கீழே சாய்த்து, ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை பொறுத்திருக்கும் பழக்கத்தை, கமராவை முதன்முதல் கையில் எடுக்கும் இளைஞர்களுக்கு மூத்த ஒளிப்படக்காரர்கள் முதற்பாடமாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும்.